இருவருக்கென்று ஒரு ‘நாங்கள்’

அலெங்கா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். வால்நட்டை அரைத்துத் தேன் சேர்த்து, மாவில் பூசிச் சுருட்டிச் சுட்டெடுக்கிற அவள் ஊர்க் கேக். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நத்தை ஓட்டைப் போல ஒரு சுழி இருக்கும். சுவிஸின் ஓல்டனில், தண்டவாளங்களைப் பார்த்தபடி நிற்கும் கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு. யன்னலைச் சாத்தினாலும், சரக்கு ரயில் போகும்போது தேத்தண்ணியின் மேற்பரப்பில் மெல்லிய வட்டங்கள் எழும்பும்.

மேசைக்கு அந்தப் பக்கம் பூமணியம்மா. அலெங்காவின் மாமியார். மட்டக்களப்புக்காரி. சோலோதுர்னில் மகள் குடும்பத்தோடு இருப்பவர். மகன் வீட்டுக்கு அவர் வருவது அன்றுதான் முதல் தடவை. கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பிவிடக்கூடியவர் மாதிரி இருந்தார்.

மகன் சுதன் அந்த நேரம் பார்த்து வீட்டில் இல்லை. கட்டடத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தோய்க்கிற நாள் அது. இந்த நாட்டில் தன் தோய்க்கிற நாளைத் தவறவிட்டவனைக் கடவுளும் காப்பாற்ற மாட்டார். நிலவறை மெஷினிலிருந்து உடுப்பை எடுத்துக் காயப்போட இறங்கியிருந்தான்.

நான் எதற்கு அங்கே என்றால், பேச்சு எங்கேயாவது தடக்கி விழுந்தால் தூக்கிவிட. அப்படித்தான் அலெங்கா என்னைக் கேட்டிருந்தாள்.

விசயம் சிறியதல்ல. பூமணியம்மாவின் மருமகனுக்கு ஜெனீவாப் பக்கம் வேலை மாறியிருந்தது. குடும்பம் அங்கே போகிறது. “டொய்ச்சே எனக்கு வரல்ல, இனிப் பிரெஞ்சையும் படிக்கிறயா?” என்று கேட்டுவிட்டு, ஜெர்மனே வராத அவர் மறுத்துவிட்டார். மிஞ்சியது இரண்டு வழிகள். ஒன்று, சோலோதுர்னில் முதியவர்களுக்கென்று இருக்கும் ஒற்றை அறை வீடு. தனியே. மற்றது, மகனும் வெள்ளைக்கார மருமகளும் இருக்கும் இந்த வீடு.

அலெங்கா கத்தியை வைத்தாள். விரலில் ஒட்டிய தேனைத் துடைத்தாள். பிறகு, கிழமைக்கணக்காகப் பழகிவைத்த வசனங்களைத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்துவைத்த மாதிரி வந்தது.

“அம்மா, இது எங்கட வீடு. எங்கட வீட்டில எங்களுக்கு இடம் காணும். நாங்கள் இங்க சந்தோசமா இருப்பம்.”

ஒரு பிழை இல்லை. போதும் என்பதற்கு ‘காணும்’ என்றுகூட வந்துவிட்டது. வேற்றுமை உருபு எல்லாம் அதனதன் இடத்தில். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பூமணியம்மா கோப்பையைத் தட்டின் மேல் சத்தமில்லாமல் வைத்தார்.

“ஓம் புள்ள. அது சரிதானே. உங்கட வீடு.”

கேக் நல்லாரிக்கு என்றார். பாதித் துண்டோடு நிறுத்திக்கொண்டார். சுதன் கூடையோடு மேலே வந்ததும், “மகன், என்னக் கொண்டு விடு, இருட்டப்போகுது” என்றார். வெளியே வெயில் இருந்தது.

கதவு சாத்தியதும் அலெங்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். “ஓம் எண்டு சொன்னா அக்கா! ஓம் எண்டு!”

பக்கத்து வகுப்பு

அவளை எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன் பிற்பகல்களில் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெறுமையாகக் கிடக்கும் வகுப்பறைகளை வேற்று மொழிகளுக்குக் கொடுப்பார்கள். ஓல்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான நடையில் தமிழுக்கு ஒரு அறை, அல்பேனியனுக்கு ஒரு அறை, போர்த்துக்கீசுக்கு ஒரு அறை, ஸ்லோவீனியனுக்குக் கடைசி அறை. மற்ற நாட்களில் ஓஸ்டர்முண்டிகனில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற நான், புதனில் மட்டும் தமிழ் அறையில் சுண்ணக்கட்டி பிடிக்க ரயிலேறி வருவேன். நடையில் ஒரே சமயத்தில் நாலு மொழிகள் கோரஸாக நெடுங்கணக்கு ஓதும். மழை நாட்களில் அந்தச் சத்தம் ஈரமான சப்பாத்து மணத்தோடு கலந்து வரும். எனக்கு அதைப்போல ஒரு சங்கீதம் இல்லை.

கடைசி அறைக்காரி அலெங்கா. போட்டோகொப்பி மெஷினில் தாள் சிக்கிய ஒரு நாள் சிநேகிதம் ஆனோம். பெயரைச் சொன்னபோது எனக்கு ‘இலங்கா’ என்று கேட்டது. “நீயும் அங்கயோ?” என்று ஜெர்மனில் கேட்டேன். “புருசன் அங்கத்தையான்” என்றாள். அப்படித்தான் சுதனைத் தெரியவந்தது. ஓல்டன் ரயில் நிலையத்துக்கு அப்பால், பெரிய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை செய்பவன்.

நானும் அவளும் பேசுவது ஜெர்மனில். அதை இங்கே என் வாய்த் தமிழில் தருகிறேன். அவள் தமிழில் சொன்னவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

வீட்டில் அவளும் சுதனும் ஜெர்மன்தான். புருசனிடம் மொழி படித்தால் விவாகரத்தில் முடியும் என்பது அவள் கொள்கை. ஆகவே தமிழை என்னிடமும் என் சிநேகிதிகளிடமும் பொறுக்கினாள். நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தார். அவள் வாயில் வந்ததும் சுத்தமான யாழ்ப்பாணம். சுதன் தலையில் அடித்துக்கொள்வான். “அக்கா, நான் ஸ்லோவேனியாப் பொம்பிளையக் கட்டினன் எண்டு நினைச்சன். வீட்டுக்குப் போனா பருத்தித்துறைக் கதை கேக்குது.”

ஒரு புதன், அவள் வகுப்புக் கதவு திறந்திருந்தது. முன் வாங்கில் இரண்டு சிறுமிகள் எழும்பி நின்று எதையோ சொன்னார்கள். அலெங்கா தலையை ஆட்டிவிட்டு, இருவரின் கைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு சொல்லைச் சொன்னாள். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவள் முகம் வெளிச்சமானது.

இடைவேளையில் கேட்டேன். “என்ன பிழை விட்டவை?”

“இரண்டு பேர் நிண்டுகொண்டு, கனபேருக்கான ‘நாங்கள்’ சொன்னவை.”

“இரண்டு பேர் எண்டால் பன்மைதானே?”

“எங்களுக்கு இல்லை” என்றாள். “ஒண்டுக்கு ஒருமை. மூண்டிலயிருந்து பன்மை. இரண்டுக்கு எண்டு தனிய ஒண்டு இருக்கு.”

நானும் என் சிநேகிதியும் என்றால் ‘மிட்வே’. ஒருவர் ஆணாக இருந்தால் ‘மிட்வா’. மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தால் ‘மி’. வினைச்சொல்லும் அதற்கேற்பத் திரும்பும். இருவர் நடக்கும் நடைக்கும் மூவர் நடக்கும் நடைக்கும் வெவ்வேறு விகுதி! காதலர் இருக்கும் மேசையில் யாராவது வந்து குந்தினால் இலக்கணமே மாறிவிடும் அல்லவா என்று கேட்டேன். “அதனாலதான் எங்கட காதல் கவிதையள் நல்லா இருக்கு” என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஜெர்மன் சூழ வளரும் பிள்ளைகளின் வாயிலிருந்து அந்த இருமைதான் முதலில் உதிர்கிறதாம். அவள் அதைச் சொன்ன விதத்தில், பால்பல் விழுவதைச் சொல்லும் தாயின் பெருமை இல்லை.

இரவல் சட்டை

அன்றிலிருந்து புதன்தோறும் இடைவேளையில் எனக்கு அவள் மொழியின் கதை கிடைத்தது. நானும் விடமாட்டேன். ஆப்பிள் கடித்துக்கொண்டே கேட்பேன்.

முதலில் ஒரு போதகர். சொந்த ஊரில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டு ஜெர்மன் தேசத்தில் அடைக்கலம் புகுந்தவர். உழவரும் வேலைக்காரரும் பேசுகிற மொழி, அதை எழுதவா முடியும் என்று படித்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்த காலம். அவர் ஒரு சின்ன அரிச்சுவடியை அச்சுக்குக் கொடுத்தார். தன் பெயரை மறைத்து, அச்சிட்ட ஊரின் பெயரையும் மாற்றி. ஒலிகளுக்குப் பொருந்தாத ஜெர்மன் எழுத்துக்களில். ஒரு மொழியின் முதல் அரிச்சுவடி பொய்ப்பெயரில், அந்நிய மண்ணில், இரவல் எழுத்தில் பிறந்தது.

இதை அவள் சொன்னபோது நான் ஆப்பிளைக் கடிக்க மறந்துவிட்டேன். அகதியாக வந்தவர் எழுதிய அரிச்சுவடி! எங்கள் நடையில் அந்த நேரம் ஓதப்பட்டுக்கொண்டிருந்த எல்லா நெடுங்கணக்குக்கும் அவர் ஒரு வகையில் மூத்த வாத்தியார்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் தமிழும் முதன்முதலாக அச்சேறியது. தமிழ் எழுத்தில் அல்ல. லிஸ்பனில், உரோம எழுத்தில். முத்துக்குளிக்கும் கரைக்கு வந்த பாதிரிமார் போர்த்துக்கீசில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார்கள். இலக்கணத்தில் ஊறிய மொழிக்குப் புதிதாக ஒருவர் வந்து அளவெடுத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். அளவெடுக்கும் கை எவ்வளவு கவனமாக இருந்திருக்கும்!

அரிச்சுவடி வந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அவர்தான் அலெங்காவின் கதாநாயகர். குளிர்கால ஓய்வு நேரங்களில் குந்தியிருந்து அவர் ஸ்லோவீனிய மொழிக்கு முதல் இலக்கணம் எழுதினார். லத்தீனில். வேறு எதில் எழுதுவது? அந்நாளில் இலக்கணம் என்றாலே லத்தீன்தான். அதன் அறைகளுக்குள் தன் மொழியை அடுக்கவேண்டியிருந்தது. இரவல் சட்டை சில இடத்தில் தொளதொள, சில இடத்தில் இறுக்கம்.

“லத்தீனில ஒருமை, பன்மை மட்டும்தான்” என்றாள் அலெங்கா. “பேசாமல் அதோட விட்டிருக்கலாம். ஆர் கேட்கப்போயினம்? ஆனா அந்த மனுசன் மூண்டாவது அறை ஒண்டு கட்டி இருமையை அதில குடியேத்தினார். எங்கட அம்மாமார் வாசலில நிண்டு பேசினதை லத்தீன் மண்டபத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போனார்.”

அவள் இதைச் சொல்லும்போது கைகளால் ஒரு சுவரைத் தள்ளிக் காட்டினாள். தாடிவைத்த ஒரு மனிதர், விறைத்த விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு, “நாங்கள் இருவர்” என்று தனக்குள் சொல்லிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. எதிரில் யார் இருந்திருப்பார்? மனைவியா? ஒரு பூனையாவது இருந்திருக்க வேண்டும்.

பின்னால் வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒரு இத்தாலியத் துறவி. இத்தாலியனிலிருந்து ஸ்லோவீனியனுக்குச் சின்னச் சொற்புத்தகம் ஒன்று செய்தாராம். வழிப்போக்கர் சத்திரத்தில் கதைப்பது, வழி கேட்பது என்று பேச்சுக்களும் அதில் உண்டாம். இடையிடையே வெற்றுத் தாள்களை வைத்தே கட்டச் சொன்னாராம். படிக்கிறவர் தான் கேட்ட சொல்லைத் தானே எழுதிச் சேர்ப்பதற்கு. எனக்கு எல்லாம் தெரியாது என்பதை இத்தனை அழகாகச் சொன்ன வேறு ஆசிரியர் உண்டா?

எழுத்துச் சண்டை

இன்னொன்றையும் சொல்லாமல் நகர மனமில்லை.

அந்த வாத்தியார் வகுத்த எழுத்துமுறை தலைமுறை தலைமுறையாக ஓடியது. பிறகு, ‘ஸ’, ‘ஷ’, ‘ச்ச’ போன்ற ஒலிகளுக்குப் புது எழுத்து வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். ஒருவர் உருவாக்கிய எழுத்து பள்ளிக்கூடங்களுக்குள் போனது. இன்னொருவர் அதைக் கேலிசெய்து கவிதை எழுதினார். அறிஞர்கள் பேசாமல் பிரிந்தார்கள். கடைசியில் புது எழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் தடை.

“ஒரு ‘ஷ’னாவுக்காகவோ?” என்று கேட்டேன்.

“சிரிக்காதேங்கோ.”

சிரிக்கவில்லை. என் வகுப்பில் ஒரு தகப்பன், மகளின் பெயரில் இருக்கும் ‘ஷ’வை நான் ‘ச’ ஆக்கிவிட்டேன் என்று வாசலில் வந்து நின்ற கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுத்துக்காகக் கோபப்படத் தெரிந்த சனம் எங்கே இருந்தாலும் எனக்கு உறவு.

சுதன் எடுத்த போன்

கேக் வெட்டிய நாளுக்கு வருகிறேன். சில நாட்கள் கழித்து சுதன் போன் எடுத்தான். நான் இல்லத்தில் மதிய உணவுத் தட்டுக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அம்மா அந்த ஒற்ற ரூம எடுக்கிறாவாம். திங்கக்கிழமை சாவி வாங்கப் போறாவாம்.”

“என்னடா சொல்லுறாய்? ஓம் எண்டவ அல்லோ!”

“ஓம் எண்டது சரிதான். ‘உன்ட பொண்டாட்டி நேர்மையான புள்ள மகன், மூஞ்சிக்கு நேரயே சொல்லிட்டா’ எண்டு சொல்றா. அவங்கட வீட்டில அவங்களுக்குத்தான் இடம் காணுமாம்.”

“அவள் அப்பிடிச் சொல்லேல்லையே! நான் பக்கத்தில இருந்தனான். ‘எங்களுக்கு இடம் காணும்’ எண்டுதான் சொன்னவள்.”

“அதான் அக்கா. எங்களுக்கு.”

“ஓம், எங்களுக்கு.”

“நமக்கு எண்டு சொல்லல்லயே.”

கையில் தட்டோடு நின்றேன்.

யாழ்ப்பாணத்து வாய்க்கு எல்லாம் ‘நாங்கள்’தான், எல்லாம் ‘எங்கட’தான். முன்னால் நிற்பவரைச் சேர்த்தாலும் அதே சொல், விட்டாலும் அதே சொல். ‘நாம்’ எங்களுக்கு மேடைக்கும் கவிதைக்கும் உரியது. வீட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிந்தால் சிரிப்பார்கள். மட்டக்களப்பு அப்படியில்லை. அங்கே கேட்பவர் உள்ளே என்றால் ‘நாம’, ‘நம்மட’, ‘நமக்கு’. வெளியே என்றால் ‘நாங்க’, ‘எங்கட’, ‘எங்களுக்கு’. பூமணியம்மாவின் காதில் அந்த மூன்று வசனங்களும் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா, இது எங்கள் இருவருடைய வீடு. இதில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் இடம். நாங்கள் இருவரும் சந்தோசமாக இருந்துகொள்வோம்.

தேன் கேக்கைக் கையில் கொடுத்துக்கொண்டு.

“நான் அம்மாட்ட சொல்லி விளங்கப்படுத்திறன் அக்கா” என்றான் சுதன். “ஆனா நான் பொண்டாட்டிக்காகக் கதைக்கிறன் எண்டு நினைப்பா.”

கரும்பலகை

மறுநாள் புதன், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் அலெங்காவுக்குச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்து, பையில் டிஷ்யூவும் எடுத்து வைத்திருந்தேன்.

முதலில் கை வாயைப் பொத்தியது. “மூஞ்சிக்கு நேரயோ?” என்று மெல்லக் கேட்டாள். பிறகு, நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

“திருப்பிச் சொல்லுங்கோ. கேட்கிற ஆள் உள்ளுக்கு எண்டால்?”

“நாம்.”

“வெளியில எண்டால்?”

“நாங்கள்.”

“எத்தினை பேர் எண்டது?”

“அது பிரச்சினை இல்லை. ஆயிரம் பேர் எண்டாலும் இதுதான்.”

அவள் கரும்பலகையில் தன் மொழிக்கு இரண்டு வட்டங்கள் போட்டாள். ஒன்றுக்குள் இரண்டு புள்ளி, மற்றதற்குள் நிறையப் புள்ளி. தமிழுக்கு இரண்டு வட்டங்கள். ஒன்றில் கேட்கும் புள்ளி உள்ளே, மற்றதில் வெளியே. பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். கண்கள் நிரம்பியிருந்தன. அது துக்கம் மட்டும் இல்லை.

“நான் தமிழில இருமையைத் தேடினன் அக்கா. இல்லை எண்டவுடன, சரி, பன்மை ஒண்டுதான் எண்டு நினைச்சன். இப்பிடி ஒரு அறை இருக்கெண்டு தெரியாமல் போச்சு.”

எங்கள் பழைய இலக்கணத்தில் அந்த அறைக்கு ஒரு பெயர் உண்டு. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. முன்னால் இருப்பவரை உள்ளே எடுத்துக்கொள்ளும் ‘நாம்’. பரீட்சைக்குப் பாடமாக்கிய சொல். அதை ஜெர்மனில் அவளுக்கு விளங்கப்படுத்தும்போதுதான் எனக்கே அது விளங்கியது. அவள் மொழி, நாங்கள் எத்தனை பேர் என்று கேட்கிறது. என் மொழி, நீ இதில் சேர்த்தியா என்று கேட்கிறது. இந்த இரண்டையும் கேட்கத் தோன்றிய முதல் மனிதர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள்! அவர்களுக்கு எந்தப் புத்தகமும் இருந்திருக்காது. தீயைச் சுற்றிக் குந்தியிருந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்திருப்பார்கள்.

“சுதன் அம்மாட்ட சொல்லட்டும்” என்றேன்.

“இல்லை. நான் சொன்னது. நானே திருத்துவன்.”

நம்மட, நம்மட

சனிக்கிழமை சோலோதுர்னுக்கு ரயிலேறினோம். நான் துணைக்கு.

வழி முழுக்க அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு ‘ம’வையும் உதட்டில் நிறுத்தி, வைத்து, விட்டாள். நம்மட ரயில். நம்மட மலை. டிக்கெட் பார்க்க வந்தவரிடம் போனை நீட்டி, “நம்மட டிக்கெட்” என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். யூரா மலைகளின் மேல் மேகம் ஈரத் துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளே பயம். திங்கட்கிழமை சாவி கைக்கு வந்துவிட்டால், பூமணியம்மா பிறகு இறங்கிவரமாட்டார். அவர் அப்படிப்பட்டவர் என்று சுதன் சொல்லியிருந்தான்.

கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மகள் வேலைக்குப் போயிருந்தார். “இரிங்க” என்று பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கதிரைகளைக் காட்டினார்.

அலெங்கா இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“அம்மா, அது நம்மட வீடு. நம்மட வீட்டில நமக்கு இடம் காணும்.”

பூமணியம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“பாடமாக்கிக் குடுத்துக் கூட்டி வந்திரிக்கியா டீச்சர்?”

“அம்மா, அண்டைக்கு அவள் சொன்னது…”

“உடு புள்ள. எனக்குக் கோவம் ஒண்டும் இல்ல. அவ அப்பிடி நினச்சிச் சொல்லல்லயாம் எண்டு சுதனும் போன்ல சொன்னான். புருசனும் பொண்டாட்டியும் நல்லா இரிக்கட்டும். நான் கிட்டத்தானே இரிக்கப்போறன்.”

அவ்வளவுதான் என்று நினைத்தேன். பேச்சு விழுந்துவிட்டது, தூக்கிவிட எனக்கும் தெரியவில்லை. அலெங்காவின் கழுத்து சிவந்தது. பழகிவந்த வசனம் தீர்ந்துபோயிருந்தது. இனி அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான்.

“பாடம் இல்லை அம்மா!” என்றாள். “நம்மட குசினி. நம்மட பல்கனி. நம்மட… நம்மட தோய்க்கிற நாள். நம்மட சத்தம் போடுற ரயில். நம்மட கேக். நம்மட சுதன்…” மூச்சு வாங்கினாள். “நம்மட புருசன்!”



“என்னது?” என்றார் பூமணியம்மா.

“நம்மட புருசன்” என்றாள் அலெங்கா, இன்னும் தெளிவாக.

“அடியே! அவன் உனக்குத்தான்கா புருசன்! எனக்கு மகன்!”

“ஏன்? நான் உங்களையும் சேர்த்தனான்!”

“எல்லாத்திலயும் என்னச் சேர்க்காத புள்ள!”

பூமணியம்மாவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெட்டி ஒன்றின் மேல் சரிந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அலெங்கா ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிழை எங்கே என்று தெரியாமல், ஆனால் பிழை விட்டதில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று தெரிந்த முகம். பாடமாக்கி வந்தவள் எவளும் அந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாள். அது பூமணியம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அண்டைக்கு வந்த ‘எங்கட’ யாழ்ப்பாணத்து ‘எங்கட’ என்று. அதற்குள் அவரும் அடக்கம் என்று.

“ஓ” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்கட ஊர் ஆக்கள் உள்ளுக்குக் கூப்பிடுறதும் வெளிய நிப்பாட்டுறதும் ஒரே சொல்லிலயா? எப்பிடிகா குடும்பம் நடத்துறீங்க?”



அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

“அந்த ரயில் ராவிலயும் போகுதா?”

“போகும் அம்மா” என்றாள் அலெங்கா.

“எனக்குத் தர்ற ரூம் எந்தப் பக்கம்?”

“மற்றப் பக்கம். மரம் இருக்கு.”

“அண்டைக்கு நான் ஒண்டையும் ஒழுங்காப் பார்க்கல்ல.” மேசையில் கிடந்த தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். “அந்தச் சாவிக்காரனுக்கு எடுத்து, வரமாட்டன் எண்டு சொல்லு. எனக்கு டொய்ச் வராது.”

அலெங்கா எடுத்தாள். சனிக்கிழமை என்பதால் மெஷின்தான் பேசியது. அதனிடம் மிக மரியாதையாக, முழுப்பெயரும் சொல்லி, என் மாமியாருக்கு அந்த அறை வேண்டாம், அவர் எங்களோடு இருக்கிறார் என்று ஜெர்மனில் பதிந்துவைத்தாள். ஜெர்மனுக்கு இருமையும் இல்லை, உளப்பாடும் இல்லை. அது தன்னிடம் இருந்த ஒரே ‘எங்களோடு’வைக் கொடுத்து உதவியது.

போனைத் திருப்பி வாங்கிய பூமணியம்மா, சுவரில் கொழுவியிருந்த குளிர் ஜாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

“அப்ப, நாம எப்ப போற?”

அலெங்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். முகம் மலர்ந்தது. உடனேயே அவளுக்குள் இருந்த பழைய வாத்தியார் விழித்துக்கொண்டார். அவரை, என்னை, தன்னை, ஒவ்வொருவராகச் சுட்டுவிரலால் தொடாமல் தொட்டாள்.

“நாம எண்டா, அம்மா… எத்தினை பேர்?”

“அத மறுகா வீட்ட போய் எண்ணுவம்” என்றார் பூமணியம்மா. “நீ சப்பாத்தப் போடு.”